சித்திரம் சோறு போடுமா?

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பருத்தித்துறை வீதி வழியே செல்பவர், கோப்பாயைக் கடந்ததும் நீர்வேலியை அடைவர். வீதியின் இருமருங்கிலும் செம்மண் தோட்டங்கள். தோட்டம் நிறைய வாழை. இதரை, கதலி, மொந்தன், கப்பல் என்று குலைகள் தொங்கும் காட்சி அவ்வழியாற் செல்வோர் கண்ணுக்குப் பழக்கமானது. வாழைக்குப் பேர்போன இவ்வூர் தமிழுக்கும் பேர்போனது. சங்கர பண்டிதர் பிறந்தது இங்கே. இரகுவமிசத்தைத் தமிழிற் பாடிய அரசகேசரியின் பெயர் விளங்கும் பிள்ளையார் கோயிலும் இங்கேதான் இருக்கின்றது. தகப்பன் தோட்டத்தில் நிற்பான். பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருப்பான். படித்து முடித்ததும் ஒரு கந்தோரில் அமர்வான். பல தலைமுறையாக இவ்வூரின் வாழ்க்கை இந்த ஒழுங்கிலேதான் நடந்து வந்தது. பிற்காலத்திற் கந்தோருக்குப் பதிலாக ஆகாய விமானம் வந்தது என்பது ஒன்றே வேற்றுமை.

இத்தகைய ஊரிலே, பதினேழு வயதுப் பையன் ஒருவன், தான் வீடியோ கேம் எனப்படும் கணினி விளையாட்டுகளுக்குச் சித்திரம் வரைந்து சீவிக்கப் போவதாக வீட்டிற் சொல்கிறான் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் கட்டிவிட்டு வந்து திண்ணையில் அமர்ந்திருக்கும் தகப்பனார் என்ன சொல்வார்? “உது என்ன தொழில், தம்பி? படம் கீறினால் ஆர் சோறு போடுவினம்?” என்றுதான் கேட்பார். கோழி மேய்த்தாலும் கோறணமேந்திலே மேய்க்கவேண்டும் என்னும் பழமொழி வழங்கும் நாட்டில் இதுவன்றி வேறு கேள்வி எழமுடியாது. தகப்பனாரைப் பார்த்துச் சிரிப்பது எளிது. ஆனால் அவர் கேள்வி நியாயமானது. யாழ்ப்பாணத்தில் சித்திரம் எழுதியவர் எவரெவர், அவர்கள் எதனால் உண்டு உடுத்தார்கள் என்பதை அவர் கண்ணாரக் கண்டவர்.

நேயர்களே, அந்த வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1938ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் வின்சர் சித்திரக் கழகம் தோன்றியது. அதனைத் தோற்றுவித்த எஸ். ஆர். கனகசபை கல்விப்பகுதியின் சித்திர வித்தியாதரிசியாக இருந்தவர். அக்கழகத்தைச் சார்ந்தோர் பெரும்பாலும் பாடசாலைச் சித்திர ஆசிரியர்கள். பின்னர் வந்தவருள் தலைசிறந்தவர் குருநகரில் 1933ஆம் ஆண்டிற் பிறந்த அ. மாற்கு. புதுமுறை ஓவியத்தை யாழ்ப்பாணத்தார்க்கு அறிமுகஞ் செய்து, மாணவர் பலரை ஓவியராக்கிய அவரும் ஆசிரியச் சம்பளத்திலேயே சீவித்தார். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாத இறுதியில் வலிகாமம் முழுதும் ஒரே இரவில் எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது, கையிற் கொண்டுசெல்லக் கூடியவற்றையே சனங்கள் கொண்டு சென்றனர். பெரிய படச்சட்டங்களைத் தூக்கிக்கொண்டு நடக்க இயலுமா? மாற்குவின் ஓவியங்கள் பல அந்த இடப்பெயர்விலே அழிந்துபோயின. 2000ஆம் ஆண்டில் அவர் காலமானார். இவர்களை விட்டால், நாடகக் கொட்டகைகளுக்குச் சீன் எழுதியோர், கோயில் வாகனங்களுக்கு வர்ணந் தீட்டியோர், கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியோர் எனச் சிலர் இருந்தனர். அவர்களுட் பலருக்குத் திருவிழாக் காலம் ஒன்றே வருவாய்க் காலம். ஆகவே, சித்திரம் சோறு போடுமா என்று நீர்வேலித் தகப்பன் கேட்பதில் அனுபவத்தின் குரலே ஒலிக்கின்றது.

இனி, பிள்ளை சொல்லும் தொழில் யாதெனப் பார்க்கலாம்.

கணினி விளையாட்டு என்பது, ஆடுபவன் கைப்படத் தானே மாறிக்கொண்டிருக்கும் ஒரு சித்திரம். சினிமாப் படத்தில் ஒரு காட்சியை ஒருமுறை அமைத்துவிட்டாற் போதும். பார்ப்பவன் அதன் பின்புறத்தைப் போய்ப் பார்க்க மாட்டான். விளையாட்டிலோ ஆடுபவன் வீட்டைச் சுற்றி வருவான், கிணற்றை எட்டிப் பார்ப்பான், கதவைத் தட்டுவான். எனவே அங்கே ஒரு கிணறு வேண்டுமென்றால், அதன் கட்டு, துலா, கயிறு, வாளி, உள்ளேயுள்ள பாசி யாவற்றையும் ஆக்கவேண்டும். முதலிற் கருத்தோவியர் தாளிலோ திரையிலோ அதன் தோற்றத்தைத் தீட்டுவார். பின்னர் உருவமைப்பவர் சிறு சிறு முக்கோணங்களை ஒட்டி அதனை முப்பரிமாண வடிவாக்குவார். அதன்மேற் கல்லின் சொரசொரப்பையும் மரத்தின் வெடிப்பையும் தோல்போலப் போர்த்துவார் இன்னொருவர். மனிதவுருவாயின் உள்ளே எலும்புக்கூடு ஒன்றைப் பொருத்தி அதனை அசையச் செய்வோரும், ஒளியமைப்போரும் வேறாக உளர். இவையெல்லாம் ஆனபிறகும் கணக்கு ஒன்று இருக்கின்றது. திரையில் ஒரு விநாடிக்கு 60 படங்கள் தோன்றவேண்டுமாயின், ஒரு படத்தை வரைவதற்கு இயந்திரத்துக்குக் கிடைக்கும் நேரம் விநாடியின் அறுபதில் ஒரு பங்கு. முக்கோணம் மிகுந்தால் ஆட்டம் திக்கும். ஆகவே, எதை வரைவது என்பதோடு எதை வரையாமல் விடுவது என்பதையும் ஓவியன் அறிந்திருக்க வேண்டும்.

இந்தச் சிக்கனத்திற்கு ஓர் அழகிய உதாரணம் உண்டு. யப்பானியராகிய சிகெரு மியமொட்டோ சித்திரக் கல்லூரியிலே கைத்தொழில் வடிவமைப்புப் பயின்றவர். படித்து முடித்தும் வேலை இல்லை. தகப்பனார், தெரிந்தவர் ஒருவரைப் பிடித்து, நின்டெண்டோ நிறுவனத்தின் தலைவரைச் சந்திக்க ஏற்பாடு செய்தார். யாழ்ப்பாணத்துத் தகப்பன்மார் இந்த இடத்தில் மெல்ல முறுவலிப்பர். ஆளைப் பிடித்து அலுவல் பார்ப்பது உலகப் பொது வழக்குப் போலும்! தாம் செய்த சில விளையாட்டுப் பொருள்களையும், பிள்ளைகளுக்கென மிருக வடிவில் ஆக்கிய உடுப்பு மாட்டிகளையும் காட்டி, 1977ஆம் ஆண்டில் அவர் அங்கே வேலை பெற்றார். 1981இல் அவர் ஆக்கிய ‘டொங்கி கொங்’ என்னும் ஆட்டத்தில் ஒரு தச்சன் துள்ளித் துள்ளி ஓடுவான். அவனே பிற்காலத்தில் மரியோ என உலகப் புகழ் பெற்றவன். அவனை எழுதக் கிடைத்தவை சில புள்ளிகளே. அந்தச் சிறு கட்டத்துள் வாயை எழுத முடியாது. ஆகவே பெரிய மூக்கும் மீசையும் வைத்தார். தலைமயிர் காற்றில் அசைவதைக் காட்ட முடியாது. ஆகவே தொப்பி அணிவித்தார். கை வீசுவது தெரியவேண்டும். ஆகவே சட்டைக்கும் மேலுடுப்புக்கும் வெவ்வேறு நிறம் கொடுத்தார்.

அதே காலப்பகுதியில் யாழ்ப்பாணத்து நிலைமை யாது? 1990ஆம் ஆண்டில் மின்சாரம் நின்றது. பல ஆண்டுகள் குடாநாடு இருளில் இருந்தது. ஜாம் போத்தலில் திரியிட்ட விளக்கின்முன் பிள்ளைகள் படித்தனர். துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையாற் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலி கேட்டனர். செய்தி முடியும்வரை ஒருவர் மாறி ஒருவர் சுற்றினர். பிறநாட்டுப் பிள்ளைகள் திரையில் மரியோவை ஓட்டிக்கொண்டிருந்த காலம் அது. கணினியோடு வளர்ந்த ஒரு தலைமுறை இங்கே உருவாகாமற் போனது எதனாலென்று வேறு ஆராய்ச்சி வேண்டியதில்லை. யாழ் ஐ.ரீ. ஹப் முதலிய அமைப்புகள் தோன்றியது 2012ஆம் ஆண்டளவிலேதான். அவையும் மென்பொருள் எழுதுவோரையே பெரும்பாலும் நாடின. கணினி என்றால் கணிதக்காரர் விடயம், சித்திரம் என்றால் கலைப்பிரிவுப் பிள்ளைகள் விடயம் என்ற பிரிவினை நமது பாடசாலைகளில் இன்றும் ஆழமாக இருக்கின்றது. விளையாட்டுக்குச் சித்திரம் எழுதுபவனோ இரண்டிலும் காலூன்ற வேண்டியவன். உயர்தரத்திற் சித்திரம் எடுத்தவனுக்குக் கணினி அறையின் திறப்புக் கிடைப்பதில்லை. தொழில்நுட்பம் எடுத்தவனுக்குச் சித்திர வகுப்பில் இடமில்லை.

தொழிலுக்குட் புகுந்தவர்களாவது சுகமாக இருக்கின்றார்களா? அதுவும் எளிதிற் சொல்லத்தக்கதன்று. 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எலக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் என்னும் பெரிய விளையாட்டு நிறுவனத்தில் வேலைசெய்த ஒருவரை மணக்கவிருந்த பெண், பெயர் குறிப்பிடாமல் ஒரு கடிதம் வெளியிட்டார். தம் துணைவர் நாள்தோறும் நள்ளிரவுவரை வேலைசெய்து, வார விடுமுறையுமின்றி உருக்குலைவதை அதில் எழுதினார். அக்கடிதம் பெரும் பரபரப்பை உண்டாக்கியது. மேலதிக நேரத்துக்கு ஊதியம் தரவில்லை என அந்நிறுவனத்துச் சித்திரகாரர் தொடுத்த வழக்கு 2005ஆம் ஆண்டில் 15.6 மில்லியன் டொலர் கொடுப்பதாக இணக்கத்தில் முடிந்தது. எனினும், ஆட்டம் வெளியாகும் நாள் நெருங்க நெருங்க இரவும் பகலும் ஒன்றாகும் வழக்கம் இத்தொழிலை விட்டு முற்றாக நீங்கவில்லை.

இதனிலும் பெரிய இடி பின்னர் விழுந்தது. கொவிட் நோய்க் காலத்தில் வீட்டில் அடைபட்ட உலகம் ஆட்டங்களை வாங்கிக் குவிக்க, நிறுவனங்கள் ஆட்களை ஏராளமாகச் சேர்த்தன. நோய் தணிந்ததும் ஆட்குறைப்புத் தொடங்கியது. 2024ஆம் ஆண்டு சனவரியில் மைக்ரோசொப்ற் தன் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேரையும், பெப்ரவரியில் சொனி ஏறக்குறைய 900 பேரையும் விலக்குவதாக அறிவித்தன. 2023, 2024 ஆகிய ஈராண்டிலும் உலகெங்கும் வேலை இழந்தோர் இருபதினாயிரத்துக்கு மேல் என்று கணக்கெடுத்தோர் கூறுவர். அனுபவம் மிக்கவர்களே வேலை தேடி நிற்கும் வரிசையில், நீர்வேலிப் பையன் கடைசியாளாகச் சேர்கிறான்.

வரிசையில் இன்னொரு போட்டியாளரும் வந்து நிற்கின்றார், அவர் மனிதரல்லர். சொல்லைக் கொடுத்தாற் படத்தைத் தரும் இயந்திரங்கள் 2022ஆம் ஆண்டிற் பொதுமக்கள் கைக்கு எட்டின. கோடிக்கணக்கான சித்திரங்களை, எழுதியவரைக் கேளாமலே, பயிற்சிக்கு எடுத்துக்கொண்டே இவை கற்றன என்பது ஓவியரின் முறைப்பாடு. அவ்வாண்டு டிசம்பரில், விளையாட்டு ஓவியர்கள் தம் படைப்புகளைக் காட்சிக்கு வைக்கும் ஆர்ட்ஸ்டேஷன் தளத்தில் ஆயிரக்கணக்கானோர் எதிர்ப்புப் பலகை ஒன்றையே படமாகத் தூக்கி வைத்தனர். முன்பெல்லாம் புதிதாகச் சேர்ந்தவனுக்குக் கல், மரம், பெட்டி போன்ற சிறு பொருள்களை வரையக் கொடுப்பர். அதிலே கை பழகும். அந்தச் சிறு வேலையையே இயந்திரத்திடம் ஒப்படைத்தால், ஏணியின் கீழ்ப்படியைக் கழற்றியதாக ஆகும். மேற்படியில் நிற்பவர் எப்படியோ சமாளிப்பார். ஏறத் தொடங்குபவன் எங்கே கால்வைப்பான்?

இந்தியாவிற் கதை சற்று வேறு. பெங்களூரில் 1997ஆம் ஆண்டு இராஜேஷ் ராவ் தொடங்கிய துருவா நிறுவனம், மேனாட்டு ஆட்டங்களுக்குச் சித்திர வேலையைக் கூலிக்குச் செய்துகொடுத்து வளர்ந்தது. 2019இல் அதனை அமெரிக்க நிறுவனமாகிய ரொக்ஸ்ரார் வாங்கியது. இத்தகைய கூலி வேலையாற் பல்லாயிரம் இளைஞர்க்குச் சோறு கிடைத்தது என்பது உண்மை. ஆனாற் பிறர் எழுதிய கதைக்குப் பிறர் சொன்ன நிறத்தில் வண்டியும் துப்பாக்கியும் வரைவதே வேலையாயிற்று. தமது கதையைத் தாமே சொல்லப் புறப்பட்டவர் சிலர் பட்ட பாடு கேட்கத்தக்கது. புனே நகரில் சுருதி கோஷ் முதலிய மூவர் தொடங்கிய நோடிங் ஹெட்ஸ் என்னும் சிறு குழு, ‘ராஜி’ என்ற ஆட்டத்தை ஆக்க முனைந்தது. பொதுமக்களிடம் முன்பணம் திரட்டும் முயற்சி தோற்றது. நிறுவியோருள் ஒருவர் தமது வீட்டை விற்று வேலையைத் தொடரச் செய்தார். பஹாரி ஓவியங்களின் நிறமும், தோற்பாவைக் கூத்தின் நிழலும் கலந்த அந்த ஆட்டம் 2020ஆம் ஆண்டில் வெளிவந்து, அவ்வாண்டின் சிறந்த அறிமுக ஆட்டத்துக்கான உலக விருதுப் பட்டியலிலும் இடம்பெற்றது. வீட்டை விற்றாவது ஆடவேண்டிய ஆட்டமா இது என்று நீர்வேலித் தகப்பனார் கேட்டால் அதற்கு மறுமொழி சொல்வது கடினம். விற்பதற்கு வீடு இல்லாதவன் என்ன செய்வான் என்பது அதனினும் கடினமான கேள்வி.

தமிழர்க்கு மிக அண்மையில் உள்ள உதாரணம் கனடாவிலிருந்து வந்தது. அதன் பெயரே ‘வெண்பா’. ரொறன்ரோ நகரில் விசை கேம்ஸ் என்னும் சிறு குழு அதனை ஆக்கி, 2023ஆம் ஆண்டு யூலை 31ஆம் நாள் வெளியிட்டது. கதையமைத்தவர் தமிழ்நாட்டிலிருந்து அங்கு குடிபெயர்ந்த அபி. சித்திரங்களை எழுதியவர் சாம் எல்கானா. 1980களின் இறுதியிற் கனடா சென்ற வெண்பா என்ற தமிழ்த்தாய், அவள் கணவன் பாவலன், அங்கே பிறந்த மகன் கவின் ஆகிய மூவரே பாத்திரங்கள். வாளில்லை, துப்பாக்கியில்லை. தாயார் கொடுத்த சமையற் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் கறைபட்டும் கிடக்கின்றது. அழிந்துபோன வரிகளை ஊகித்துச் சமைத்து முடிப்பதே ஆட்டம். இட்டலி உண்டு, பிரியாணி உண்டு, புட்டும் உண்டு. குழலுக்குள் மாவும் தேங்காய்ப்பூவும் எந்த ஒழுங்கில் இடுவது, ஆவி எவ்வழியாற் போவது என்பதை ஆடுபவன் கண்டறிய வேண்டும். புட்டு அவிப்பது யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டுப் பிள்ளைக்கும் தெரிந்த காரியம். அதனை உலகெங்கும் பலர் திரையைப் பார்த்து மூளையைக் கசக்கி விடுவித்தனர். 2024ஆம் ஆண்டில் சுயாதீன விளையாட்டு விழாவின் பெரும்பரிசும், பிரித்தானியாவின் பாப்டா அமைப்பு வழங்கும் அறிமுக ஆட்டத்துக்கான விருதும் ‘வெண்பா’வுக்குக் கிடைத்தன. அதன் எவர்சில்வர்ப் பாத்திரங்களையும், வீட்டுச் சுவரின் நிறத்தையும், சேலையின் கரையையும் பார்ப்பவர், எழுதியவர் நன்கு பார்த்தறிந்து எழுதினார் என்பதை உணர்வர்.

ஆயினும் ரொறன்ரோ வேறு, நீர்வேலி வேறு. அங்கே மின்சாரம் நிற்பதில்லை. இங்கே 2022ஆம் ஆண்டு பொருளாதார நெருக்கடியில், மார்ச் மாத முடிவில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. சில வாரங்களுள் டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 300ஐத் தாண்டியது. கணினியும் அதன் வரைகலை அட்டையும் வரைபலகையும் டொலரில் வருபவை. ஒரு குடும்பத்தின் ஒரு போக வாழை வருமானம் ஓர் இயந்திரத்துக்குப் போதாமற் போயிற்று. ஆங்கிலமும் ஒரு தடைதான். பயிற்சிப் பாடங்கள் ஆங்கிலத்தில். வேலை கேட்டு எழுதும் கடிதம் ஆங்கிலத்தில். வரைந்த படத்தைப் பற்றி நேர்முகத்திற் பேசுவதும் ஆங்கிலத்தில்.

அனுகூலமாக உள்ளவற்றையும் சொல்லவேண்டும். முப்பரிமாண உருவமைக்கும் பிளெண்டர் என்ற கருவி இலவசமானது. அது முன்பு ஒரு கம்பனியின் உடைமை. கம்பனி மூடப்பட்டபோது, அதனை ஆக்கிய டொன் ரோசெண்டால் என்னும் ஒல்லாந்தர் உலகெங்குமுள்ள பயனாளரிடம் பணம் திரட்டினார். ஏழு வாரங்களில் 100,000 யூரோ சேர்ந்தது. 2002ஆம் ஆண்டு ஒக்ரோபரில் அது யாவர்க்கும் பொதுவாக்கப்பட்டது. வரைவதற்குக் கிரிட்டா என்ற கருவியும் அவ்வாறே இலவசம். முன்னர் ஒரு வீட்டின் விலைக்குச் சமமான கருவிகளை இன்று நீர்வேலிப் பையன் காசின்றிப் பெறலாம். மேலும், இத்தொழிலிற் சான்றிதழைக் கேட்போர் குறைவு. படைப்புக் கோப்பைக் கேட்போரே மிகுதி. பத்துப் பதினைந்து படங்கள் அடங்கிய அந்தக் கோப்பே அவனது பட்டம். பரீட்சைப் பெறுபேற்றிலே தலைவிதியை எழுதிவைக்கும் நாட்டில் இது ஒரு புதுமையான நீதி. ஆனால் அந்தக் கோப்பை ஆக்குவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் வேண்டும். அந்த ஆண்டுகளில் அவனுக்குச் சோறு போடுவது தோட்டத்து வாழையே. தகப்பனார் மறுமுறையும் கேட்கும்போது பையன் சொல்லவேண்டிய மறுமொழியும் அதுதான்: சில காலம் நீங்கள் சோறு போட்டால், பிறகு சித்திரம் போடக்கூடும். போடும் என்று உறுதியாக எவரும் கையெழுத்து வைக்க முடியாது.

அந்தக் காலத்தைக் குறுக்கப் பாடசாலையால் ஆகக்கூடியது சிறிது உண்டு. பின்னேரம் இரண்டு மணிக்குப் பூட்டப்படும் கணினி அறையை ஐந்து மணிவரை திறந்து வைக்கலாம். சித்திர ஆசிரியரையும் கணினி ஆசிரியரையும் ஒரே மேசையில் இருத்தலாம். ஒரு வாளியைத் தாளில் வரைந்து, அதையே மறுவாரம் திரையில் முக்கோணங்களால் ஆக்கச் சொல்லலாம். இவற்றுக்குச் சுற்றுநிருபம் எதுவும் வரவேண்டியதில்லை.

இனி, கோப்பில் என்ன இருக்கவேண்டும்? பையன்கள் பெரும்பாலும் வாளேந்திய மேனாட்டு வீரனையும் பறவைநாகத்தையும் வரைகின்றனர். அவற்றை அவர்களினும் நன்றாக வரைய இலட்சம் பேர் உளர். துலாக்கிணறு, சங்கடப்படலை, பனையோலை வேலி, தேர்முட்டி, மழைக்குப் பின் சிவந்து கிடக்கும் ஒழுங்கை, குலை வெட்டி அடுக்கிய துவிச்சக்கர வண்டி ஆகியவற்றை அளவறிந்து வரையக்கூடியவன் அங்கேயே வாழ்பவன்தான். துலா எந்த இடத்தில் அச்சில் இருக்கும், கயிறு எங்கே தேயும், வாழைச்சருகு எந்தப் பக்கமாகத் தொங்கும் என்பவற்றைத் தூரத்திலிருப்பவன் அறியான்.

நாம் எண்ணிக்கொண்ட பையன் இப்போது அப்பப்பா காலத்துத் துலா ஒன்றைத் தேடி ஊரெங்கும் அலைகிறான். மின்சாரப் பம்பு வந்தபின் துலாக்கள் அருகிவிட்டன. பின்வளவிற் சாய்த்து வைத்திருந்த பழைய துலா மரத்தைக் காட்டி, அது எத்தனை முழம், மிதிப்பவன் எங்கே நிற்பான் என்று சொல்லிக்கொடுப்பவர், சித்திரம் சோறு போடுமோ என்று கேட்ட அதே தகப்பனார். பையன் நாடாவைப் பிடித்து அளந்து, கொப்பியிற் குறித்துக்கொள்கிறான்.